மஞ்சள் வைத்த பாதம்

செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிய ஆணியோடுதான் சின்னண்ணன் அன்றைக்குப் புதுச்சத்திரம் சந்தைக்குப் போனார். கத்தரிக்காய் வாங்கினார், திரும்பி வந்தார், சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தும் விட்டார். சர்க்கரை நோய் அவருடைய பாதங்களிலிருந்து உணர்ச்சியை எப்போதோ திருடிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு சீவன் இருந்திருந்தால் தரையில் படிந்த ரத்தத் தடத்தைப் பார்த்து அலறியிருக்கும். அந்த வீட்டில் அலற ஆளில்லை. நாற்றம் வந்த பிறகுதான் புண் இருப்பது அவருக்கே தெரிந்தது.

சின்னண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவராக வடக்கே போனவர். ஆந்திரா, மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று ஊரார் காடுகளில் தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே வயதைக் கழித்தார். தன் மகன் குணசீலன் நடை பழகியதை மட்டும் பார்க்கவில்லை. எப்போதாவது ஒரு தீபாவளிக்கு வருவார். ஒருமுறை பையன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டான். அவர் மனைவி ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்று கிளம்பிய வண்டி ராசிபுரம் தாண்டும்வரை அவர் கண்ணுக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.

வேலையை விட்டு ஒரேயடியாக வீடு திரும்பியபோது, அவர் இல்லாமல் இருப்பதற்கு வீடு நன்றாகப் பழகியிருந்தது. கொஞ்ச நாளில் பேத்தி யாழினியைப் பார்த்துக்கொள்ள ராமாயி மகனோடு புனேவுக்குப் போனாள். "நீங்களும் வாங்க" என்றாள். "நான் பார்க்காத வடக்கா?" என்று தட்டிக்கழித்துவிட்டார். மகன் வீட்டில் தனக்கு என்ன இடம் என்று தெரியாத பயம் அது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காலில் புண் வந்ததையும் சொல்லவில்லை.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் சபரிநாதன் புண்ணைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "சீழ் எலும்பு வரைக்கும் போகப் பார்க்குது. மெஷினை வெச்சு ஆழமாச் சுத்தம் பண்ணிப் பார்ப்போம். அதுல கட்டுப்படலேன்னா பாதத்தோட முன்பக்கத்தை எடுத்தாகணும்."

"ஊட்டுல யாருங்கப்பா இருக்காங்க?" என்று கேட்டாள் நர்ஸ் கிருத்திகா.

"சம்சாரம் இருக்கறா சாமி" என்றார் சின்னண்ணன். ஆளில்லாதவன் என்று சொல்ல நாக்கு கூசியது.

மெஷின் வைத்துச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. வெளியே காத்திருந்தபோது கதவிடுக்கில் அதைப் பார்த்தார். மேலிருந்து இறங்கும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஊசி போன்ற குழாய், பக்கத்தில் ஊதா வெளிச்சம். கிருமி இருக்கும் இடத்தை அந்த வெளிச்சத்தில் சென்சார் கண்டுபிடிக்கும். உயிருள்ள சதையை விட்டுவிட்டு அழுகியதை மட்டும் குழாய்த் தண்ணீர் அரித்தெடுக்கும் என்று கிருத்திகா சொல்லியிருந்தாள். அவருக்கோ அது ரிக்காகவே தெரிந்தது. பூமிக்குப் பதிலாகத் தன் பாதம்.

தண்ணீர் பார்த்துக் குறித்த பாயிண்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடாமல் அவர் ஒருநாளும் துளைக்கும் ராடை இறக்கியதில்லை. வைக்காமல் இறக்கிய ஒருவனின் ராடு பூமிக்குள்ளேயே சிக்கிக்கொண்டதைக் கண்ணால் கண்டவர். சட்டைப்பையில் கோயில் மஞ்சள் பொட்டலம் இருந்தது. கழிவறைக்குப் போனார். காலில் போட்டிருந்த கட்டை நெகிழ்த்தி, குத்துமதிப்பாகப் புண்ணின் மேல் மஞ்சளை அப்பினார். கண்ணை மூடி, "காளியாத்தா, கால் உன் பொறுப்பு" என்றார்.

உள்ளே கட்டைப் பிரித்து, ஊதா வெளிச்சம் விழுந்ததும் திரை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகச் சுடர்விட்டது. கிருமி எது, சதை எது என்று சென்சாருக்குப் பிடிபடவில்லை. பாதிதூரம் இறங்கிய இரும்புக் கை கீச்சென்று கத்தி நின்றுவிட்டது.

கிருத்திகா குனிந்து மோந்தாள். "அட கடவுளே, மஞ்சளுங்களா? யாருங்கப்பா இதைப் போட்டது?"

சின்னண்ணன் திருதிருவென்று விழித்தார். "ஊட்டுக்காரிதான் சாமி..."

"நல்ல ஊட்டுக்காரி! நம்பர் குடுங்க. ரெண்டு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

மறுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும். அவரே தன் போனில் அழுத்திக் கொடுத்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏனுங்கம்மா, ஐயாவோட கால் புண்ணுல மஞ்சளைப் போட்டீங்களா? மெஷின் நின்னுபோச்சு. இன்னைக்குச் சுத்தம் பண்ணலீன்னா பாதத்தை வெட்டோணும், தெரியுங்களா?"

 அந்தப் பக்கம் தூரத்தில் காய்கறிக்காரன் ஒருவன் மராத்தியில் கூவுவது மட்டும் கேட்டது. சின்னண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டார். என்ன புண்ணு, யாருக்கு என்று அவள் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"ஆமாங்க கண்ணு" என்றாள் ராமாயி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "நாந்தான் போட்டனுங்க. புத்தி கெட்டுப்போய்ப் போட்டுட்டேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. எப்படியாச்சும் காலைக் காப்பாத்திக் குடுங்க சாமி."

ஆயுளுக்கும் தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போனவனுக்காக, பார்த்தேயிராத புண்ணின் பழியை அவள் சுமந்துகொண்டாள். சின்னண்ணனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வலிக்கிறது என்று நினைத்து கிருத்திகா அவர் தோளைத் தட்டினாள். போனை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, பஞ்சை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து மஞ்சளைத் துடைத்தெடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஊதா வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். சுடர் மங்கிக்கொண்டே வந்தது. மறுபடியும் இரும்புக் கை இறங்கியது. நூல் போன்ற தண்ணீர் புண்ணை அரித்தது. பாதத்தில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. திரையில் கிருமியைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைவதை மட்டும், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சபரிநாதன் வந்து பார்த்தார். "எலும்புக்குப் போகல. வெட்ட வேண்டியதில்லை. வாரா வாரம் வந்துடணும்."

எல்லோரும் வெளியே போனபின் தலைமாட்டிலிருந்து விசும்பல் கேட்டது. ராமாயி போனை வைக்கவேயில்லை.

"கேட்டியா?" என்றார் சின்னண்ணன்.

"கேட்டேன். இத்தனை நாளா புண்ணை வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமையானா போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

அவர் போனை எடுத்துக் காதோடு ஒட்டிக்கொண்டார்.

"நான் வரோணுமா, வேண்டாமா? உங்க வாயால சொல்லுங்க. ஒருநாளாச்சும் என்னைக் கூப்புட்டிருக்கீங்களா?"

 எத்தனையோ ஊரில் பாறையை உடைத்தவருக்கு, அந்த ஒற்றைச் சொல்லை உள்ளிருந்து எடுக்க அவ்வளவு நேரமாயிற்று.

"வா, ராமாயி."

அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாப்பாவுக்குப் பரீட்சை முடியோணும். மருமவளுக்கு லீவு இல்லை. முடிஞ்ச அன்னைக்கே ரயிலேறி வாரேன். அதுவரைக்கும் காலைத் தரையில ஊனாதீங்க" என்றாள்.

"சரி" என்றார்.

பெரிதாகக் கட்டிய கட்டோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். நாமக்கல் பஸ்ஸில் ஏறுவதற்கு யாரோ முகம் தெரியாதவர் கை கொடுத்தார். புதுச்சத்திரத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். காலைத் தரையில் ஊனாதே என்றிருந்தாள் ராமாயி. தண்ணீர்க் குடமோ அடுப்படியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைகளை ஊன்றி, மெல்ல மெல்ல நகர்ந்தே உள்ளே போனார்.