நீலத் தொப்பியும் நடு டிரம்மும்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு வல்லரசுகள். ஒருவர் மூன்று மாடி வீட்டுக்காரர். இன்னொருவர் அரிசி மண்டிக்காரர். தண்ணீர் லாரிக்காக எங்கள் தெருவில் ஆள் காத்திருப்பதில்லை. பெயர் எழுதிய டிரம்மை வைத்துவிட்டால் ஆளே நிற்பதாகக் கணக்கு. யார் டிரம் முதலில் என்பதில் இவர்களுக்குள் போன கோடையில் கைகலப்பே வந்தது.

அதனால் அமைதிக் குழு போட்டார்கள். அந்த இரண்டு பேரும் அதில் உண்டு. அவர்கள் வீட்டு நாற்காலிகள் இல்லாமல் கூட்டம் நடக்காதே! இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எந்த முடிவும் செல்லாது. ஆகவே முடிவானது ஒன்றுதான்: இருவர் டிரம்முக்கும் நடுவே ஒரு நீல டிரம். அதில் தண்ணீர் பிடிக்கக்கூடாது, அதை நகர்த்தவும் கூடாது. காவலுக்கு நான். தொழிற்பேட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் ஒருத்தருக்கும் பணியாதவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான ஆளைத்தான் பிடித்தார்கள்.

அந்தச் சமயம் பட்டாளத்தில் இருக்கும் என் ஒரே மகன் லீவில் வந்திருந்தான். உலக நாடுகள் சபையின் அமைதிப் படையில் அவனைச் சேர்த்திருக்கிறார்களாம். மூன்று நாளில் நீலத் தொப்பியோடு வெளிநாடு. தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னேன். ஆனால் டிவியில் இரண்டு பெரிய நாடுகள் மோதினால் என்னாகும் என்று நாலு பேர் கத்தியதைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டேன். இவன் முழுசாகத் திரும்புவானா?

"ஏன் நைனா, ரெண்டு பெரிய நாடும் முட்டிகினா உங்க சபை இன்னா பண்ணும்?"

"கூட்டம் போடும்மா. தீர்மானம் எழுதும். அந்தப் பெரிய நாட்டுல ஒண்ணு வேணாம்னா தீர்மானம் செல்லாது."

"அடிச்சிக்கிறவனே வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அட, நம்ம தெரு கமிட்டி! நீ இன்னா பண்ணுவே?"

"நடுவுல நிப்பேன். யார் மொதல்ல அடிச்சான்னு எழுதி அனுப்புவேன்."

"துப்பாக்கி?"

"கீது. சும்மா எடுக்க முடியாது."

மறுநாள் லாரி வந்தது. மாடிக்காரர் தள்ள, மண்டிக்காரர் எதிர்த்துத் தள்ள, நடு டிரம் விரிசல் விட்டுப் பிளந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த என் கால் விரலும் நசுங்கியது. அவர்கள் டிரம்களுக்கு ஒரு கீறலும் இல்லை. சாயங்காலம் குழு கூடி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. உடைத்தது யார் என்று எழுத இருவரும் சம்மதிக்காததால், 'டிரம் உடைந்தது' என்று எழுதி டீ குடித்தார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் என்னோடும் டிரம்மோடும் மல்லுக்கட்டிய நேரத்தில், லாரிக்காரர் பின்னால் நின்ற பன்னிரண்டு வீட்டு டிரம்களையும் நிரப்பிவிட்டார். குழு அதை எழுதவில்லை.

மகன் கிளம்பும் காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓடியாந்தா நீ ஒதுங்கிடு. எவனும் கேக்க மாட்டான்."

அவன் என் கால் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

"நீ ஒதுங்கினியாம்மா?"

காலை நீட்டினேன். கட்டை மாற்றிவிட்டுப் போனான்.