அம்மா அழுத பெரிய வெள்ளி

மாடிவீட்டில் தச்சர் கட்டையைத் தட்டுகிறார். இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் எங்கள் திண்டிவனம் கோயில் நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் ஒரு வருடம், என் தம்பி காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அம்மாவை வார்டுக்குள் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "ஆண்டவர் குடுத்த சிலுவைம்மா, தாங்கிக்கினுதான் போவணும்" என்றார்கள். அம்மா அழவில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்த வருடப் பெரிய வெள்ளியன்று தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். எல்லோரும் வரிசையாக வந்து சிலுவையின் பாதத்தில் முத்தமிட்டார்கள். அம்மா முத்தமிடாமல் அதிலிருந்த இயேசுவின் சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கம்மா கடைசி வரைக்கும் உன் பக்கத்துல நின்னாங்களே ஆண்டவரே. எம்புள்ளகிட்ட என்னை வுடலியே."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிலுவையை ஏந்தியிருந்த சாமியார் அதை அவள் கையில் கொடுத்தார். அம்மா அதைப் பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பும்போது, "பசிக்குதாடி?" என்று கேட்டாள். பல நாள் கழித்து அன்று அவளே கஞ்சி வைத்தாள்.

துன்பம் ஏன் வருகிறதென்று அம்மா ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. "அவருக்கும் வலிச்சுது இல்ல" என்று மட்டும் சொல்வாள். இன்றுவரை என் விசுவாசமும் அதில்தான் நிற்கிறது.