மாடிக் காற்றாலையும் இருவழி மீட்டரும்

வைண்டிங்காரர் என்றுதான் தெருவில் அவரைக் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியே முப்பது வருடம் ஓட்டியவர். பார்வை மங்கிக் கடையை மூடிய பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மொட்டைமாடியில் ஒரு காற்றாலை கட்டினார். மூன்று இறக்கை, ஒவ்வொன்றும் ஆள் உயரம். முதல் நாளே அது விர்ரென்று சுற்றியதில் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போக மீதி மின்சாரத்தைத் தெரு லைனுக்குக் கொடுக்க விண்ணப்பம் போட்டார். மின்சார ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ஐயா. ஆனா லைன்ல கரண்ட் போனா இதுவும் உடனே நின்னுடணும். அதுக்குச் சான்றிதழ் வேணும்."

"நிக்கும் சார். நானே சோதிச்சுப் பாத்துட்டேன்."

"நீங்க சொன்னா போதாதே."

காற்றாலை மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றத் தான் செய்த இன்வெர்ட்டரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். மாற்றிச் செய்து மறுபடி அனுப்பினார். இரண்டு வருடம் இழுத்தது. அதுவரை இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். காற்றடித்தால் கயிறு முனகும்.

"பேசாம லைன்ல சொருகி விடுங்களேன். யாரு பாக்கப் போறா?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

வைண்டிங்காரரின் மனைவிதான் பதில் சொன்னாள். "என் தம்பி லைன்மேனா இருந்தாண்ணே. கரண்டை நிறுத்திட்டுத்தான் கம்பத்துல ஏறினான். எவனோ வீட்டு ஜெனரேட்டரை இப்படித்தான் சொருகி விட்டிருந்தான். அந்தக் கரண்ட் கம்பியில ஏறி அவனை அடிச்சுடுச்சு."

இதற்குள் காற்று வரும் பக்கத்துக் காலிமனையில் ஒரு கட்டடம் மளமளவென்று எழும்பியது. ஐந்தாவது தளம் ஏறியபோது கயிற்றின் முனகல் அடங்கிவிட்டது. சான்றிதழ் வந்தது அதற்கடுத்த மாதம்.

வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் இருவழி மீட்டரோடு இன்ஜினியர் வந்தார். கயிற்றை அவிழ்த்தார்கள். இறக்கை அரைச்சுற்று திரும்பி நின்றது. முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

"காத்தாலைக் கம்பத்தை இன்னும் உசத்தலாமா சார்?"

"இந்த மாடி தாங்காதுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் இன்ஜினியர் மெதுவாக. "காத்து வந்தா போன் பண்ணுங்க. வந்து சோதிச்சுக் கையெழுத்துப் போடறேன்."

அவர் போனதும் மனைவி மேலே வந்தாள்.

"இறக்கிடலாமா?"

வைண்டிங்காரர் சரியென்று தலையாட்டினார். அவள் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். போல்ட் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து திருகியும் அசையவில்லை.