பீரோவுக்குள் போன வைஃபை

எங்கள் சந்தில் நெட் நின்றுவிட்டால் "கடலுக்குப் போயிருச்சு" என்பார்கள். எப்போது கரைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு. யாத்திரைக் கூட்டம் குவியும் அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராமேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் கீழே, யாத்திரைக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கடை இருந்த இடமும் லாட்ஜ்காரருடையதுதான். அன்று அவர் என் வாசலில் நின்று கத்தினார்.

"ஏலே, நீ புது ரவுட்டர் மாட்டுன நாள்ல இருந்து என் வைஃபை சாகுது. வந்தவன் பூராம் ரூமக் காலி பண்றான். ஒன் பொட்டிதான் என்னுத இழுத்துக் குடிக்குது. சாயங்காலத்துக்குள்ள கடையக் காலி பண்ணு!"

"வைஃபை என்னண்ணே மோரா, இழுத்துக் குடிக்க?"

"வாய் மட்டும் நல்லா நீளுது."

அவருக்குப் பின்னால் நான்கு வடநாட்டு யாத்திரைக்காரர்கள் போனை மேலே தூக்கிப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. கம்ப்யூட்டரை நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. தட்டித் தட்டிப் பழகியதுதான். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, சுற்றியுள்ள வைஃபைகளைக் காட்டச் சொல்லும் வரியை அடித்தேன். கறுப்புத் திரையில் ஒன்பது பெயர்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் கீழே சிக்னல் அளவோடு.

"உங்களுது பதினெட்டு சதவீதம். என்னுது தொண்ணூத்தஞ்சு."

"பாத்தியா! அம்புட்டையும் நீயே வச்சிருக்க!"

என் ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். என் பெயர் காணோம். அவருடையது அதே பதினெட்டு.

"இப்ப யாருண்ணே குடிக்கிறா?"

"சூனியக்காரன் மாதிரி என்னத்தையோ தட்டுற."

லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அடித்து அடித்துப் பார்த்தபடியே லாட்ஜுக்குள் நடந்தேன். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். ரிசப்ஷனில் நாற்பது. நாற்காலிக்குப் பின்னால் இரும்பு பீரோ. அதன் பக்கவாட்டில் துளை போட்டு ஒரு வயர் உள்ளே போயிருந்தது.

"இதுக்குள்ளயா வச்சிருக்கீங்க?"

"உப்புக்காத்து ரெண்டு ரவுட்டரத் தின்னுருச்சு. அதான் போன வாரம் உள்ள வச்சுப் பூட்டுனேன்."

அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தீவில் ரேடியோவைக்கூடத் துணி சுற்றித்தான் வைப்போம். ஆனால் இரும்புக்குள் பூட்டினால் சிக்னல் எங்கே வெளியே வரும்?

"தொறங்கண்ணே."

திறந்தார். தொண்ணூற்றிரண்டு. நான்கு போன்களும் வரிசையாக மணி அடித்தன. அவர்களில் ஒருவர் பீரோவைக் காட்டி இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அடுத்ததை பேங்க் லாக்கர்ல வைங்கண்ணே" என்றேன்.

அவர் கத்தவில்லை. "வைஃபை சரியாப் போச்சு. நீ கடையக் காலி பண்ணு."

"தப்பு என் மேல இல்லையேண்ணே?"

"என் எடத்துல நின்னுக்கிட்டு என்னையவே பாத்து நாலு பேரு சிரிக்க வச்சேல்ல, அதுக்கு."

சாயங்காலம் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு, ரிசப்ஷனில் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். சிரித்த நால்வரும் நடைபாதையில் உட்கார்ந்து போனில் மூழ்கிக் கிடந்தார்கள். வழி விடச் சொல்லி இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.