ஒரு பொய்ப் படத்தின் பின்னால்: அடையாறு முதல் நொச்சிக்குப்பம் வரை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதப் பகலில், அடையாறிலிருந்து தி.நகர் வழியாக நொச்சிக்குப்பம் போனேன். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு புகைப்படம் உண்மையா என்று பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். இன்று இதற்குப் பெரிய பெயர் வைத்து வகுப்பெடுக்கிறார்கள். அன்று எங்கள் செய்தி ஆசிரியர் இதை வெட்டி வேலை என்றார்.

நொச்சிக்குப்பத்தில் அன்று காலை ஒரு துண்டறிக்கை பரவியிருந்தது. முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு, வடக்கே, சென்னைக்குள்ளேயே ஒரு குப்பத்தில், அந்த ஊர்க்காரர்கள் இவர்களுடைய உறவினரின் கட்டுமரங்களைக் கொளுத்திவிட்டார்களாம். கூடவே மங்கலான ஒரு படம். பதிலடி கொடுக்க இளைஞர்கள் நான்கு மணிக்கு லாரி பேசியிருந்தார்கள். அதே படத்தின் தெளிவான பிரதியை யாரோ எங்கள் பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தார்கள். மறுநாள் முதல் பக்கத்துக்கு அது தயார். பழைய செய்திகளைக் கத்தரித்து ஒட்டும் பிரிவுக்கு என்னைத் தள்ளியிருந்த செய்தி ஆசிரியரிடம், பின்னணியிலிருந்த ஐஸ் கம்பெனிப் பலகையைக் காட்டினேன். அதிலிருந்த தொலைபேசி எண்ணில் ஐந்தே இலக்கம். சென்னையில் ஏது ஐந்து இலக்கம்? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு 10.40க்குப் பேருந்து ஏறினேன். டிக்கெட் ஒன்றேமுக்கால் ரூபாய். தி.நகர் தொலைபேசி அலுவலகத்தில் கடலோர மாவட்டங்களின் டைரக்டரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இரண்டரை மணி நேரம், நான்காவது டைரக்டரி. பெயரும் எண்ணும் அப்படியே பொருந்தின. தெற்கே, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தேன். கம்பெனி முதலாளியே எடுத்தார்; அங்கே கட்டுமரங்கள் எரிந்ததுண்டா என்று கேட்டேன். போன வருஷம் கடலுக்குக் கிளம்பும் நேரத்தில், விடியற்காலையில், அடுப்புப் பொறி பறந்து பிடித்த தீ என்றார். பேசியதற்கு முப்பத்தெட்டு ரூபாய்.

நொச்சிக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். “மாம்பலம் கூட்டத்தத் தாண்டவே அர மணி ஆவும் சார், உன் மூஞ்சப் பாத்தா அவசரம் மாரி கீது” என்றார். அவர் சொன்னது சரி. பேரம் பேசவில்லை.

3.20க்கு இறங்கியபோது லாரி வந்து நின்றிருந்தது. போனில் விசாரித்தேன், இது தெற்கே வேறோர் ஊரில் போன வருஷம் பிடித்த தீ என்று மட்டும் அங்கிருந்த இளைஞர்களிடம் சொன்னேன். முன்னால் நின்றவன் சிரித்தான். “போன்ல எவன் வேணா இன்னா வேணா சொல்லுவான். நீ அவங்களாண்ட துட்டு வாங்கிகினு வந்தியா மாமா?”

படத்தை அவனிடம் நீட்டினேன். அப்போது ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருவர் படத்தைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“நோட்டீசுல சாய்ங்காலம் நாலு மணின்னா போட்டுகிறான்?” என்று கேட்டார். “அந்நேரத்துக்குக் கட்டுமரத்தக் கயிறு அவுத்துப் பிரிச்சு காயப் போட்டிருப்போம். இதுல எல்லாம் கட்னபடியே கீது. கடலுக்குப் போறதுக்கு முன்னால, விடிகாலைல எடுத்தது நைனா இது.”

விடியற்காலை என்பதை நான் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே நேரத்தைச் சொல்லிவிட்டார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னதை அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். முன்னால் நின்றவன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு போய் லாரிக்காரரிடம் பேசினான். 3.50க்கு லாரி காலியாகத் திரும்பியது.

போகிறவர்களுக்கு: நல்ல பிரதியை எடுத்துச் செல்லுங்கள், துண்டறிக்கையிலிருக்கும் மங்கல் படம் உதவாது. முதலில் படத்திலிருக்கும் தொழிலைச் செய்கிறவரிடம் காட்டுங்கள், டைரக்டரி பிறகு. நான் தலைகீழாகச் செய்து இரண்டரை மணி நேரம் இழந்தேன். கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆசிரியர் முதல் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டு, அது பழைய படம் என்று என் பெயரில்லாமல் ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரி போட்டார். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையை வரி விடாமல் படித்தேன். வடக்கே யாருக்கும் அடிபட்டதாக அதில் ஒரு செய்தியும் இல்லை. என் வாழ்நாளில் நான் கொடுத்த மிகப் பெரிய செய்தி அந்த வராத செய்திதான்.