தறிக்கு ஒரு நைலோன் கட்டை

மாரி தொடங்கிய கிழமையில் உம்மாவின் தறியில் நூல் கொண்டோடும் நாடாவை எற்றித் தள்ளும் தோல்கட்டை பிளந்துபோனது. கல்முனைக் கடைகளில் மாற்றுக்கட்டை இல்லை. நாடாவைக் கையால் எறிந்தால் பாதி வேலையும் ஓடாது.

"கட்டை கிடைக்கிறவரைக்கும் பள்ளிக்கூடத்த விடு. மற்றத் தறியில நீ இரி," என்றார் உம்மா.

எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

என் மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, எங்கள் மச்சானுக்கு, அணைக்கட்டு வேலைத்தளத்தில் லேத் மெஷினில் வேலை. லீவில் வந்தவர் கழிவுத் துண்டுகள் மூன்று கொண்டுவந்தார்: பழுப்பு பேக்கலைட், கண்ணாடி போன்ற பேர்ஸ்பெக்ஸ், பால்வெள்ளை நைலோன் வளையம். மாற்றுக்கட்டையை எதில் கடைவதென்று நாங்கள்தான் சொல்லவேண்டும்.

"இந்தக் கண்ணாடிதான் வடிவு," என்றாள் ராத்தா.

"வடிவு பார்க்க இது கலியாணமா?" என்றேன்.

மூன்றையும் அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பேர்ஸ்பெக்ஸ் பிளந்தது. பேக்கலைட்டின் ஓரம் உதிர்ந்தது. நைலோனுக்கு ஒன்றுமில்லை, தறியின் இரும்புக் கம்பியில் அது வழுக்கிக்கொண்டும் ஓடியது.

எல்லோருக்கும் திருப்தி. எனக்கு இல்லை. நாங்கள் ஊடைநூலைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் நெய்வோம். தறியில் எப்போதும் ஈரம். வளையத்தை நூல் ஊறும் சட்டிக்குள் போட்டேன். மச்சான் புறப்படும் நாளில் எடுத்துக் கம்பியில் கோர்த்தால், ஊறிப் பருத்து இறுகி நின்றது.

மச்சானுக்கு முன்னால் நான் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "துளையைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லு ராத்தா," என்றேன்.

"ஆடுற துளை போட்டா லேத்துக்காரனுகள் சிரிப்பானுகள். உன்ட தங்கச்சி என்ட வேலையையும் படிச்சிட்டாவா?"

"சிரிக்கட்டும். அவனுகள் ஈரநூலில நெய்திருக்கானுகளா?"

"ஓம், ஓம். வழக்குப் பேசுற அப்புக்காத்து சொன்னாச் சரிதான்."

கட்டை வந்தது. பூட்டியதும் கடகடவென்று ஆடியது. "கிழவன்ட பல்லுமாதிரி ஆடுதேகா," என்று உம்மா முகம் சுளித்தார். ஆனாலும் நான் பள்ளிக்கூடம் போனேன்.

வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடகடப்பு மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. சில நாட்களில் அது குறைந்தது. ஒரு காலை, நல்ல மழையில், அடியோடு நின்றது. கட்டை கம்பியில் இறுகித் தறி நின்றுவிட்டது என்று நினைத்தேன். இடைவேளைக்கு மணி அடித்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன்.

உம்மா நெய்துகொண்டிருந்தார். நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறந்தது. ஊறிய கட்டை கம்பியில் அளவாக இருந்து சத்தமில்லாமல் ஓடியது.

"நனைஞ்சிக்கிட்டு ஏன் வந்த?" திரும்பிப் பாராமலே கேட்டார் உம்மா. "கிறுகிப் பள்ளிக்கூடத்துக்கே போ. மணி அடிச்சிரும்."