ஜன்னல் அறைக்கு மூன்று பூனைகள்

எங்கள் கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடம், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்கள் என்று ஜேஜே என்று இருக்கும். அதில் ஒரு பெண்கூட எங்கள் ஆபீஸில் கிடையாது. முதலாளியையும் சேர்த்து நாங்கள் நாலே பேர். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, மொட்டை மாடிக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் ஒரு கூடம். முதலாளி அதற்கு முன்னால் கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஊரில் ஆளாளுக்கு செல்போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. அந்தக் கண்ணாடிக் கூண்டைத் தூக்கிப் போட மனசு வராமல் மாடிக்கு ஏற்றி, கான்பரன்ஸ் ரூம் என்று பெயர் வைத்துவிட்டார். உள்ளே ஒருத்தர் உட்காரலாம். ஒல்லியானவராக இருந்தால் கதவையும் சாத்தலாம்.

வெளிநாட்டில் சின்னச் சின்னத் தொழில் செய்பவர்களுக்கு இங்கிருந்தே போனிலும் ஈமெயிலிலும் எடுபிடி வேலை செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பெயர். இதை என் அம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிப் போச்சு. ஆளே போகாமல் அங்கே எப்படி வேலை செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், பொண்ணு கண்ணுக்குத் தெரியாத வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிட்டாள். அவர்கள் என்ன நினைத்தார்களோ, அதற்கப்புறம் யாரும் என்னைப் பெண் கேட்டு வரவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

எனக்கு அந்த வேலை நிலைக்க வேண்டும். காரணம் அப்பா. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும், அத்தனை வருஷம் பூமிக்குள் இறங்கிய மனுஷன் ஹெப்பகோடியில் ஒரு பேக்டரி வாசலில் செக்யூரிட்டி உடுப்பு மாட்டி நின்றார். விடிவதற்கு முன்னால் தங்கவயலில் ரயில் ஏறி, பெங்களூரில் இறங்கி, பஸ் மாறி, வேலைக்கு வந்து, திரும்ப அதே வழி. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவார். பொம்மனஹள்ளியில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்த என்னை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். பார்க்கவே எனக்கு அழுகையாக வரும். ஹெப்பகோடியிலேயே ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தேன். என் வேலை நிரந்தரமானால் அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டி வந்துவிடலாம். ரயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

முதலாளியோ பட்டென்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை பெரிய கிராக்கி ஒன்று மாட்டினால் எல்லாருக்கும் வேலை நிரந்தரம், மாட்டாவிட்டால் மாடியை பிரௌசிங் சென்டர் ஆக்கிவிடுவேன் என்று.

மாட்டியது ஒரு பூனைக்கார அம்மாள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் பூனைகளுக்கு ஹாஸ்டல் நடத்துகிறாள். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது பூனையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பூனைக்குத் தனி அறை, மெத்தை, வேளா வேளைக்கு மீன். என் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில், வேளா வேளைக்கு உப்புமா. சரி, அந்தக் கதை இப்போது எதற்கு. அந்த அம்மாளுக்கு போன் எடுக்கவும், அறை ஒதுக்கவும், எந்தப் பூனை எதைத் தின்னாது என்று ஞாபகம் வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். அதற்காக மூன்று கம்பெனிகளைப் பிடித்து வைத்திருந்தாள். ஒன்று மணிலாவில். ஒன்று எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், நிஜமாகவே கண்ணாடிக் கட்டடம். மூன்றாவது நாங்கள். ஆளுக்கு ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்த்து, அப்புறம் ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பேன் என்று எழுதியிருந்தாள். அவர்கள் ஊரில் காலை என்றால் நமக்கு மத்தியானம். வேலை நேரமும் வசதிதான்.

எங்கள் முதலாளி நல்ல மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், பட்டறைக்காரரோடு உருது என்று யாரோடும் அவரவர் பாஷையில் சிரித்துப் பேசுவார். ஆனால் எந்த பாஷையிலும் அவர் வாயில் ‘இல்லை’ என்ற வார்த்தை வராது. யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார். கரண்ட் பில் கட்டச் சொன்னாலும் ஆகட்டும், கல்யாணத்துக்கு வரச் சொன்னாலும் ஆகட்டும், ஒரே நாளில் மூன்று கல்யாணம் என்றாலும் ஆகட்டும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அவர் கணக்கில் ஒருத்தரைக் கன்னத்தில் அறைவது மாதிரி. எங்களுக்கும் அதையே பாடமாக எடுத்தார். கிராக்கி எது கேட்டாலும் ‘செர்ட்டன்லி மேடம்’ என்று சொல்ல வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

எங்கள் வாரம் வந்தது. முக்கியமான கிராக்கி என்பதால் போனை நானே எடுக்கிறேன் என்று முதலாளி கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே பட்டறைக்காரருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, போன் வரும்போதெல்லாம் லேத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் டீயைக் குடித்துவிட்டு லேத்தை ஓட்டிக்கொண்டேயிருந்தார். அது என்ன சத்தம் என்று யாராவது கேட்டால் கட்டட வேலை நடக்கிறது, கம்பெனி வளர்கிறது என்று முதலாளி சமாளித்தார்.

அந்தப் பூனை ஹாஸ்டலில் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அங்கே அக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் லீவு. ஊரே கிளம்பிவிடும். எல்லாருக்கும் தங்கள் பூனை ஜன்னல் வழியாகக் குருவி பார்க்க வேண்டும். முதலில் ஒரு வக்கீல் கேட்டார். செர்ட்டன்லி சார். அடுத்து ஒரு டீச்சர். செர்ட்டன்லி மேடம். மூன்றாவதாக ஒரு பாட்டியம்மாள், பூனைக்குக் கண் மங்கல், வெளிச்சம் வேண்டும் என்றாள். அதற்கும் செர்ட்டன்லி. கம்ப்யூட்டரில் அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம். சார், ஒரு அறையில் மூன்று பூனையா, அடித்துக்கொண்டு சாகாதா என்று கேட்டேன். அவர் கையை விரித்து, கடைசி நேரத்தில் ரெண்டு பேர் வராமல் போய்விடுவார்கள் பாரும்மா என்றார். கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போடுகிற மாதிரியே யோசித்தார்.

பூனைக்காரம்மாள் அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டாள். அந்த லீவு வாரத்துக்கு எந்தப் பூனை எந்த அறையில் என்று முழுசாகச் சரிசெய்து வையுங்கள், திங்கள்கிழமை போன் செய்கிறேன், அதைக் கேட்டுவிட்டுத்தான் யாருக்கு வேலை என்று முடிவு செய்வேன், திங்கள் உங்களுக்கு வசதிதானே என்று கேட்டிருக்கிறாள்.

திங்கள்கிழமை ஆயுத பூஜை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஆட்டோவிலிருந்து மாவு மிஷின் வரை எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், செவந்திப்பூ மாலை. பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள்வரை எதையும் தொடக்கூடாது. முதலாளிக்கு அதில் அசைக்க முடியாத பக்தி. அந்தத் திங்களன்று வேலை நடக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னார் என்கிறீர்கள்? செர்ட்டன்லி மேடம்.

அன்றைக்கு மத்தியானம் மானிட்டருக்கெல்லாம் பொட்டு, கீபோர்டுக்குக் குங்குமம், யு.பி.எஸ்.ஸுக்கு வாழைக்கன்று. போனுக்கும் ஒரு முழம் பூ. வாசலில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. குடும்பத்தோடு வரலாம் என்று முதலாளி சொல்லியிருந்ததால் அப்பாவும் வந்திருந்தார். பேக்டரியில் பூஜை முடிந்து உடுப்போடு நேராக வந்து, பொரிகடலையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து கண் அசந்துவிட்டார். கற்பூரம் காட்டி முடித்த நேரம் பார்த்து போன் அடித்தது.

யாரும் நகரவில்லை. பூ வைத்த போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. முதலாளி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டபேடம்மா, தொடாதேம்மா, நாளைக்கு நாமே போன் போடலாம் என்று கெஞ்சினார். நாளைக்கா? நாளைக்கு அவள் மணிலாக்காரனோடு கைகுலுக்கியிருப்பாள். நான் கூண்டுக்குள் நுழைந்தேன். அதற்குள் அப்பா முழித்துக்கொண்டார். “இன்னா பொண்ணு நீ? பூஜையில வெச்சத தொடலாமா?” என்று அத்தனை பேர் முன்னாலும் என்னை அதட்டினார். யாருக்காக ஓடுகிறேனோ அவரே! வாய்வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு, பூவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, போனை எடுத்தேன்.

இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, சரியான கம்பெனிக்குத்தான் போன் செய்திருக்கிறேனா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. கீழே லேத்துக்கும் பூஜை. ஆமாம் மேடம், அதே கம்பெனிதான் என்றேன். அறைகள் எல்லாம் சரியாகிவிட்டதா, இப்போதே வரிசையாகச் சொல் பார்க்கலாம் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி வாயை அசைத்து ‘செர்ட்டன்லி, செர்ட்டன்லி’ என்று சாமி வந்த மாதிரி ஆடுகிறார். அவர் தோளுக்குப் பின்னால் அப்பா, என்னை முறைத்துக்கொண்டு. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

“இல்லை மேடம். இன்றைக்கு முடியாது.”

ஏன் என்றாள். வருஷத்தில் ஒருநாள் எங்கள் கருவிகளைக் கும்பிட்டு ஓய்வு கொடுப்போம், கம்ப்யூட்டரெல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளைக்குத்தான் தொடுவோம் என்றேன். திங்கள் வசதி என்று உங்கள் முதலாளி சொன்னாரே என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கு முடியாது என்று சொல்லவே வராது மேடம், அதனால்தான் உங்கள் ஜன்னல் அறையில் மூன்று பூனை இருக்கிறது என்று போட்டு உடைத்துவிட்டேன். வெளியே முதலாளி தலையில் கை வைத்து, அப்படியே பொரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

போச்சு, வீடும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, அந்த மூன்று பூனைக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். கண் மங்கலான பூனைக்கு அறை, மற்ற ரெண்டு பேருக்கும் நாளைக்கு நானே போன் செய்து இல்லை என்று சொல்லிவிடுவேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான். வேலை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் போன் செய்தேன். டீச்சர் அழுதுவிட்டாள். வக்கீல் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். பூனைக்காகவா என்று கேட்டேன், வைத்துவிட்டார். சாயங்காலம் பூனைக்காரம்மாளிடமிருந்து ரெண்டு வரி ஈமெயில். மூன்று கம்பெனியோடும் பேசியதில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள், உன் ஒருத்தியிடம்தான் இல்லை என்று ஒரு பதில் கிடைத்தது, அதை நம்பி நான் என் நாளைத் திட்டமிட முடியும், வேலை உங்களுக்கே. இரண்டாவது வரி, ஆனால் அந்த மனிதர் என் போனை எடுக்கக்கூடாது.

முதலாளிக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் வருத்தம். கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார். எல்லாம் பூஜையின் மகிமை என்று பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னார். நீ தொட்ட பாவத்தைக்கூட அம்மன் மன்னிச்சிட்டா பாரு என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது. போகட்டும்.

தீபாவளிக்கு முன்னால் ஹெப்பகோடிக்குக் குடி வந்தோம். முதல் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வெயில் ஜன்னலில் ஏறிவிட்டது, அப்பா பாயில் குறட்டை. எழுப்பட்டுமா என்று அம்மா பதறினாள். பேக்டரி நடந்து போகிற தூரம்தானே, இரும்மா என்றேன். எங்கள் பேச்சுச் சத்தத்தில் அவரே துள்ளி எழுந்தார். வெயிலைப் பார்த்தார். உடுப்பைத் தேடினார், செருப்பைத் தேடினார், “வண்டி போயிருக்குமே, எழுப்ப ஒரு ஆளில்லையா இந்த வீட்டுல?” என்று எங்கள் ரெண்டு பேரையும் பிடித்துத் திட்டினார். சட்டையில் ஒரு கை நுழைத்தபடியே சுற்றிப் பார்த்தார். புதுச் சுவர், புது ஜன்னல். முகம் மெதுவாக மாறியது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டார்.